யூஐகிட் திரைமாற்றம்: புஷ்ஷை நம்பலாம், ஷீட்டில் கவனம் தேவை, செக்யூ வேண்டாம்

ஐபோன் செயலியில் ஒரு திரையிலிருந்து அடுத்ததற்குப் போய்த் திரும்பி வர, ஆப்பிளின் திரை கட்டும் நூலகமான யூஐகிட் மூன்று வழிகளைத் தருகிறது. நேவிகேஷன் கன்ட்ரோலரின் அடுக்கில் புதிய திரையைப் புஷ் செய்யலாம், அதாவது மேலே வைக்கலாம். இருக்கிற திரைக்கு மேலே இன்னொன்றை பிரசென்ட் செய்யலாம், அது இயல்பாக ஷீட் என்ற அட்டையாக எழும். திரைகளைப் படமாக வரையும் ஸ்டோரிபோர்டில் இரண்டு திரைகளுக்கு இடையே கோடு இழுத்து, செக்யூ எனப்படும் அந்தக் கோட்டிடம் வேலையை ஒப்படைக்கலாம். அறிமுகப் பாடங்களைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான் என்று தோன்றும். ஐம்பது அறுபது திரைகள் கொண்ட செயலியைப் பல ஆண்டுகள் பராமரிக்கும்போதுதான் எது தாங்கும், எது தாங்காது என்று தெரியும். அந்தக் கணக்கில் புஷ்ஷுக்குத்தான் முதல் இடம்.

நேவிகேஷன் கன்ட்ரோலர் 2008இலிருந்து இருக்கிறது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. சீட்டுக்கட்டு மாதிரி வியூ கன்ட்ரோலர்களை (ஒவ்வொன்றும் ஒரு திரையை நடத்தும் பொருள்) அடுக்கி வைத்து, மேல்சீட்டை மட்டும் காட்டும். புஷ் செய்தால் அடுக்கே அந்த வியூ கன்ட்ரோலரை நினைவகத்தில் பிடித்துக்கொள்ளும், பாப் ஆனதும், அதாவது அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டதும், விட்டுவிடும். நாம் தனியாக ஒரு மாறியில் பிடித்து வைக்க வேண்டியதில்லை. பாப் ஆன பிறகும், நினைவகத்திலிருந்து நீங்கும்போது ஓடும் டீஇனிட் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு குளோஷர் (பிறகு ஓடத் தரும் நிரல்துண்டு) செல்ஃபை, அதாவது அந்தத் திரையை, வலுவாகப் பிடித்திருக்கும். ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடின் மெமரி கிராஃபைத் திறந்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று நேராகவே தெரியும்.

இதன் பலத்தைப் பலரும் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. புஷ், பாப் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். செட்வியூகன்ட்ரோலர்ஸ் என்ற ஒரே அழைப்பில் மொத்த அடுக்கையும் மாற்றி எழுதலாம். பயணச்சீட்டுச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: தேடல், பயணி விவரம், பணம் கட்டுதல், சீட்டு உறுதி. உறுதித் திரையில் பின் பொத்தானைத் தொட்டால் பணம் கட்டும் திரைக்கு மறுபடி போகக் கூடாது. உறுதித் திரையைப் புஷ் செய்துவிட்டுப் பின் பொத்தானை மறைப்பது அரைகுறைத் தீர்வு, பழைய திரைகள் அடியில் கிடக்கும். தேடல், உறுதி என்ற இரண்டை மட்டும் வைத்து ஒரு வரிசை செய்து செட்வியூகன்ட்ரோலர்ஸுக்குக் கொடுத்தால், அசைவு புஷ் மாதிரியே தெரியும், நடுவில் இருந்த இரண்டும் போய்விடும். அறிவிப்பைத் தொட்டு ஆழத்தில் உள்ள ஒரு திரைக்கு நேராகப் போவதற்கும் இதே வழிதான். நான்கு புஷ்ஷை அடுத்தடுத்து ஓட விட வேண்டாம். அசைவு முடியும் முன் இன்னொன்று தொடங்கினால் தலைப்புப் பட்டையும் திரையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும்.

குறைகளும் உண்டு. முதலாவது, சத்தமில்லாமல் தோற்பது. நேவிகேஷன்கன்ட்ரோலர் என்ற பண்பு ஆப்ஷனல் (மதிப்பு இல்லாமலும் இருக்கலாம்) என்பதால் எல்லாரும் கேள்விக்குறி போட்டுத்தான் புஷ் எழுதுகிறார்கள். அந்தத் திரை பிரசென்ட் மூலம் தனியாக வந்திருந்தால் அந்தப் பண்பு நில் (மதிப்பே இல்லை), புஷ் எதுவுமே செய்யாது. பிழைச்செய்தியும் வராது. பொத்தான் வேலை செய்யவில்லை என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பிரசென்ட் செய்யும் திரைக்குள்ளும் புஷ் தேவைப்பட்டால், அதைப் புதிய நேவிகேஷன் கன்ட்ரோலரில் பொதிந்து, அந்தப் பொதியை பிரசென்ட் செய்ய வேண்டும்.

அடுத்தது, புஷ் முடிந்ததைச் சொல்ல கம்ப்ளீஷன் (முடிந்ததும் ஓடும் குளோஷர்) இல்லை. பிரசென்ட்டில் இருக்கிறது, புஷ்ஷில் இன்றுவரை இல்லை. அசைவோடு சேர்ந்து நடக்கும் டிரான்சிஷன்கோஆர்டினேட்டரைப் பிடித்து அதன் கம்ப்ளீஷனில் வேலையை வைக்கலாம். ஆனால் அசைவு இல்லாமல் புஷ் செய்தால் அந்தக் கோஆர்டினேட்டர் நில்லாக இருக்கும், அதற்குத் தனி வழி எழுத வேண்டும். அடியில் உள்ள டேப் பட்டையை மறைக்கும் ஹைட்ஸ்பாட்டம்பார்வென்புஷ்டு பண்பைப் புஷ்ஷுக்கு முன்பே வைத்தால்தான் பலிக்கும், திரை நினைவகத்தில் ஏறியதும் ஓடும் வியூடிட்லோடில் வைத்தால் நம்ப முடியாது.

பின் பொத்தானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான். திரையில் தெரியும் பின் பொத்தானின் எழுத்து அந்தத் திரைக்குச் சொந்தமல்ல, அதற்கு முந்தைய திரைக்குச் சொந்தம். பேக்பார்பட்டன்ஐட்டத்தைப் புதிய திரையில் மாற்றிவிட்டு மாறவில்லையே என்று தேடுவது வீண். தமிழ்த் தலைப்புகள் நீளமானவை, பட்டையில் இடம் போதாமல் போவது சகஜம். எழுத்தை நீக்கி அம்புக்குறியை மட்டும் காட்ட, வெற்றிடத்தைத் தலைப்பாக வைக்கும் பழைய உத்தியை விட்டுவிடுங்கள். ஐஓஎஸ் 14இலிருந்து பின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் முந்தைய திரைகளின் பட்டியல் வரும். வெற்றிடத் தலைப்பு வைத்திருந்தால் அந்தப் பட்டியலும் வெற்று வரிகளாக வரும். பேக்பட்டன்டிஸ்ப்ளேமோடை மினிமல் என்று வைத்தால் பட்டையில் அம்பு மட்டும் நிற்கும், பட்டியலில் தலைப்பு ஒழுங்காக இருக்கும்.

அழகுக்காக இடப்பக்கம் நம்முடைய சொந்தப் பொத்தானை வைத்தால், 2013இல் ஐஓஎஸ் 7 கொடுத்த ஓர விரல்தள்ளல் நின்றுவிடும். விளிம்பிலிருந்து தள்ளித் திரும்பப் பழகியவர்களுக்கு இது பெரிய இழப்பு. இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் மருந்து, அந்தத் தள்ளலைக் கவனிக்கும் இன்டராக்டிவ்பாப்ஜெஸ்சர்ரெகக்னைசரின் டெலிகேட்டை (அதன் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொருளை) நில் ஆக்குவது. அது நோயைவிட மோசம். அடுக்கில் ஒரே திரை இருக்கும்போது பயனர் ஓரத்தைத் தள்ளினால், பாப் செய்ய எதுவும் இல்லாத நிலையில் கன்ட்ரோலர் குழம்பிப்போகும், அடுத்த புஷ்ஷில் செயலி உறைந்து நிற்கும். டெலிகேட்டை நாமே எடுத்துக்கொண்டு, ஜெஸ்சர்ரெகக்னைசர்ஷுட்பிகினில் அடுக்கின் எண்ணிக்கை 1ஐ விட அதிகமா என்று மட்டும் பார்த்துப் பதில் தர வேண்டும். ஒரே வரிதான். அதைவிட நல்லது, பின் பொத்தானில் கை வைக்காமலே இருப்பது.

விரல்தள்ளலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பயனர் பாதி தள்ளிவிட்டு மனம் மாறி விட்டுவிடலாம். அப்போது மேல் திரைக்கு, விலகப்போகிறாய் என்று சொல்லும் வியூவில்டிஸ்அப்பியர் வரும், உடனே தோன்றப்போவதைச் சொல்லும் வியூவில்அப்பியரும் தோன்றிவிட்டதைச் சொல்லும் வியூடிட்அப்பியரும் மறுபடி வரும். அடியில் உள்ள திரைக்கு வியூவில்அப்பியர் வந்தும் வியூடிட்அப்பியர் வராது. வியூவில்டிஸ்அப்பியரில் டைமரை நிறுத்தி, வியூடிட்லோடில் மட்டும் தொடங்கியிருந்தால் திரும்பி வந்த திரையில் கடிகாரம் ஓடாது. சேமிப்பது, நிறுத்துவது போன்றவற்றை விலகி முடிந்ததும் வரும் வியூடிட்டிஸ்அப்பியரில் வைத்து, இஸ்மூவிங்ஃப்ரம்பேரண்ட் (அடுக்கிலிருந்து நீங்குகிறதா என்ற பண்பு) உண்மையா என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

இனி பிரசென்ட். பயனரை ஓர் இடத்தில் நிறுத்தி ஒரு வேலையை முடிக்கச் சொல்லும் திரைகளுக்கு இதுதான் சரி: புதிய முகவரி சேர்ப்பது, வடிகட்டிகளைத் தேர்வது, உள்நுழைவு. 2019இல் ஐஓஎஸ் 13 வரும்வரை இதன் இயல்புநிலை முழுத்திரை. அதன்பின் இயல்புநிலை, விரலால் கீழே தள்ளி மூடக்கூடிய அட்டை. தோற்றம் மாறியது எல்லாருக்கும் தெரியும். வாழ்க்கைச் சுழற்சி, அதாவது மேலே சொன்ன அழைப்புகளின் வரிசை, மாறியது பலருக்கும் தெரியாது. அட்டை திறக்கும்போது அடியில் உள்ள திரை விலகுவதில்லை, ஓரம் தெரிந்துகொண்டே இருக்கிறது. ஆகவே அதற்கு வியூவில்டிஸ்அப்பியர் வராது, அட்டை மூடியதும் வியூவில்அப்பியரும் வராது. பட்டியலைப் புதுப்பிக்கும் வேலையை வியூவில்அப்பியரில் வைத்த செயலிகளில், புதிய முகவரி சேர்த்துத் திரும்பினால் பழைய பட்டியலே நிற்கும். செயலியை மூடித் திறந்தால் சரியாகிவிடுவதால் இந்தப் பிழை சோதனையிலும் எளிதில் சிக்காது.

முழுத்திரைக்குத் திரும்பினால் புகார் போய்விடும், ஆனால் அது பிழையை மூடி மறைப்பது. மூடிய அட்டை தன் முடிவைத் தானே சொல்ல வேண்டும்: சேமித்ததும் ஒரு குளோஷரையோ டெலிகேட்டையோ அழைத்து, என்ன மாறியது என்பதைத் தரட்டும். பிரசென்டேஷன்கன்ட்ரோலர்டிட்டிஸ்மிஸ் என்ற அழைப்பை மட்டும் நம்பக் கூடாது, அது பயனர் தள்ளி மூடும்போதுதான் வரும். நம் நிரலில் டிஸ்மிஸ் அழைத்தால் வராது. இரண்டு வழியிலும் மூடலாம் என்றால் இரண்டையும் கையாள வேண்டும். அந்த டெலிகேட்டைப் பொதியான நேவிகேஷன் கன்ட்ரோலரின் பிரசென்டேஷன்கன்ட்ரோலருக்கு வையுங்கள். அதற்கு முன் காட்டும் பாணியான மோடல்பிரசென்டேஷன்ஸ்டைலை முடிவுசெய்துவிட வேண்டும், வரிசை மாறினால் பலிக்காது.

பாதி நிரப்பிய படிவத்தைப் பயனர் தவறித் தள்ளி இழக்காமல் இருக்க இஸ்மோடல்இன்பிரசென்டேஷனை ட்ரூ ஆக்கினால் போதும். தள்ளும் முயற்சி நடந்தால் டிட்அட்டெம்ப்ட்டுடிஸ்மிஸ் வரும், அங்கே சேமிக்கவா விடவா என்று கேட்கலாம். இது நன்றாக யோசித்துச் செய்த வசதி. 2021இல் ஐஓஎஸ் 15 கொண்டுவந்த அரைத்திரை ஷீட்டும் அப்படித்தான். மீடியம், லார்ஜ் என்று இரண்டு டிடென்ட் (ஷீட் நிற்கும் உயரம்) தந்தால் போதும், மூன்றாம் தரப்பு நூலகம் தேவையில்லை. நமக்கு வேண்டிய உயரத்தை நாமே சொல்லும் டிடென்ட் ஐஓஎஸ் 16இல் வந்தது. ஷீட்டுக்குள் பட்டியல் இருந்தால், உருட்டும்போது ஷீட் பெரிதாகிவிடும். அது வேண்டாமெனில் பிரிஃபர்ஸ்ஸ்க்ரோலிங்எக்ஸ்பாண்ட்ஸ் என்று தொடங்கும் பண்பை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

பிரசென்ட்டில் அடிக்கடி வரும் பிழைகள் இரண்டே வகை. ஒன்று, வியூடிட்லோடிலேயே பிரசென்ட் அழைப்பது. அந்த வியூ இன்னும் விண்டோவில் ஏறவில்லை, கன்சோலில் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் வரும், திரை வராது. வியூடிட்அப்பியருக்கு மாற்றி, ஒருமுறைதான் ஓட வேண்டும் என்று ஒரு பூலியனும் (ஆம், இல்லை மட்டும் ஏற்கும் மாறி) வையுங்கள். மற்றது, ஏற்கெனவே ஒன்றை பிரசென்ட் செய்திருக்கும் கன்ட்ரோலரிடம் இன்னொன்றைக் கேட்பது. இணையம் துண்டிக்கப்பட்டதைச் சொல்லும் அலர்ட் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஐபேடிலோ ஆக்‌ஷன் ஷீட்டுக்குச் அது எங்கிருந்து எழ வேண்டும் என்று சொல்லும் சோர்ஸ்வியூ தராவிட்டால் செயலியே விழும். ஐபோனில் மட்டும் சோதித்தால் இது தெரியவே வராது.

டிஸ்மிஸின் விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கன்ட்ரோலர் தனக்கு மேலே எதையாவது காட்டியிருந்தால், அதனிடம் டிஸ்மிஸ் சொன்னால் மேலே உள்ளதைத்தான் மூடும், தன்னை அல்ல. வெற்றி அலர்ட் காட்டியிருக்கும்போதே படிவத்தை மூடச் சொன்னால் அலர்ட் மட்டும் போய்ப் படிவம் நிற்பது இதனால்தான். ஒரே அழைப்பில் எல்லாவற்றையும் மூட வேண்டுமெனில், அடியில் பிரசென்ட் செய்தவரிடம் சொல்லுங்கள்.

செக்யூவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டோரிபோர்டு 2011இல் ஐஓஎஸ் 5உடன் வந்தது. ஒரே ஆள், ஐந்தாறு திரை என்றால் படம் பார்த்துப் புரிந்துகொள்ள வசதி. அதற்கு மேல் தொல்லை. கோப்பு எக்ஸ்எம்எல் என்பதால் இரண்டு பேர் ஒரே ஸ்டோரிபோர்டில் கை வைத்தால் இருவர் மாற்றங்களையும் இணைக்கும்போது வரும் மெர்ஜ் சிக்கலைக் கண்ணால் பார்த்துத் தீர்க்க முடியாது. செக்யூவின் பெயர் வெறும் எழுத்துச்சரம், ஓர் எழுத்து தவறினாலும் தொகுக்கும்போது தெரியாது, ஓடும்போதுதான் செயலி விழும். பட்டியல் செல்லிலிருந்து கோடும் இழுத்து, செல்லைத் தொட்டதும் ஓடும் டிட்செலக்ட்ரோவில் செக்யூவை ஓட்டும் பெர்ஃபார்ம்செக்யூவும் எழுதினால் ஒரே தொடுதலில் திரை இரண்டு முறை திறக்கும். 2019இல் வந்த ஐபிசெக்யூஆக்‌ஷன் மூலம் இனிஷியலைசர் வழியாகத் தரவு கொடுக்கலாம் என்பது உண்மையான முன்னேற்றம், ஆனால் அதை எழுதத் தொடங்கியபின் நேராகப் புஷ் எழுதுவதே குறைந்த வேலை. ஏற்கெனவே ஸ்டோரிபோர்டில் இருக்கும் செயலியை மொத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டாம். புதிய திரைகளை மட்டும் நிரலில் எழுதுங்கள்.

ஆப்பிளின் புதிய திரை நூலகமான ஸ்விஃப்ட்யூஐயின் நேவிகேஷன்ஸ்டாக் 2022இல் வந்ததும் யூஐகிட் இனி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அடுக்கை ஒரு சாதாரண வரிசையாகக் கையில் தருவது அதன் பெரிய பலம். ஐஓஎஸ் 16க்குக் கீழே போக வேண்டாத புதிய செயலிக்கு அது நல்ல தேர்வுதான். எந்தத் தரவுக்கு எந்தத் திரை என்று சொல்லும் நேவிகேஷன்டெஸ்டினேஷனை லிஸ்ட், லேஸிவிஸ்டாக் போன்றவற்றின் உள்ளே வைக்காமல் வெளியே வைக்க வேண்டும், உள்ளே வைத்தால் ஸ்டாக்கின் கண்ணில் படாது. பழைய செயலிக்குக் கலந்த வழி நன்றாக உழைக்கிறது: திரைகளை ஸ்விஃப்ட்யூஐயில் எழுதி, அவற்றை யூஐகிட்டுக்குள் ஏற்றும் ஹோஸ்டிங் கன்ட்ரோலரில் பொதிந்து, பழைய நேவிகேஷன் கன்ட்ரோலரிலேயே புஷ் செய்யலாம். அப்படிச் செய்யும்போது உள்ளே வேறொரு நேவிகேஷன்ஸ்டாக் வைக்காதீர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தலைப்புப் பட்டைகள் வந்து நிற்கும்.