துர்கானா ஏரிப் பயணம்: ஓட்டுநரை நம்பலாம், கால அட்டவணையை நம்ப வேண்டாம்

நைரோபியில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்த்தும் கென்யாவின் வடபகுதியைப் பார்க்காமலே காலம் கடத்திவிட்டோம். சென்ற பிப்ரவரியில் நானும் என் மனைவியும் நண்பர் குடும்பம் ஒன்றும் சேர்ந்து, துர்கானா ஏரிக்கு ஏழு நாள் வழிகாட்டிப் பயணம் ஒன்றை முன்பதிவு செய்தோம். வண்டி, ஓட்டுநரே வழிகாட்டி, ஒரு சமையற்காரர், கூடாரங்கள், நுழைவுக் கட்டணங்கள் ஆகிய அனைத்தும் ஒரே தொகைக்குள் அடக்கம். இந்தப் பயணத்துக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றை நாங்கள் கேட்கவில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

விளம்பரத் தாளில் 'ஏரியைச் சுற்றி' என்று அச்சிட்டிருந்தார்கள். ஏரியை யாரும் சுற்றிவர இயலாது. ஏறத்தாழ 250 கி.மீ. நீளமுள்ள அந்த ஏரியின் வடமுனை, ஓமோ ஆறு வந்து கலக்கும் கழிமுகத்தோடு எத்தியோப்பிய எல்லையில் இருக்கிறது; தென்முனையை எரிமலைத் தொகுதி ஒன்று மதில் போல அடைத்துக்கொண்டு நிற்கிறது; மேற்குக் கரைக்கு லோட்வார் வழியாகத் தனிப் பயணம் போக வேண்டும். நாங்கள் சென்றது கிழக்குக் கரையின் தென்பகுதிக்கு மட்டுமே. 1984-இல் கென்யப் புதைபடிவ ஆய்வாளர் கமோயா கிமேயு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆதிமனிதச் சிறுவனின் எலும்புக்கூட்டின் முதல் துண்டைக் கண்டெடுத்த நாரியோகொடோமே மேற்குக் கரையில் உள்ளது. அதைப் பார்க்கும் ஆசையோடு வந்திருந்த என் நண்பருக்கு இது பெரிய ஏமாற்றம்.

முதல் ஒன்றரை நாள் பாதை எளிது. இசியோலோவிலிருந்து மொயாலே வரை இப்போது தார்ச்சாலை வந்துவிட்டது. லாய்சாமிஸில் மேற்கே திரும்பினால் காற்றாலைத் திட்டத்துக்காகச் செப்பனிடப்பட்ட சரளைச் சாலை 208 கி.மீ. தூரம் போகிறது. 365 காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கும் அந்தப் பொட்டல்வெளியைக் கடந்தபோதே, இங்கே காற்றுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்பது எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். எத்தியோப்பிய மலைநாட்டுக்கும் கென்ய மலைநாட்டுக்கும் இடையிலுள்ள தாழ்வான வழியில் தென்கிழக்கிலிருந்து வரும் காற்று நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கிறது. இரவில் வலுத்து, முற்பகல் வரை வீசி, நண்பகலுக்குப் பின் தணிகிறது.

காற்றாலைகளைத் தாண்டியதும் நல்ல சாலை முடிந்துபோகிறது. அங்கிருந்து ஏரிக்கரை வரை, எரிமலைக் குழம்பு உறைந்து உடைந்த கருங்கற்கள்தாம் பாதை. எங்கள் ஓட்டுநர் சம்புரு இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, நடந்து போகிறவரின் வேகத்தில், சக்கரத்தைக் கல்லின் மேலே ஏற்றினாரே தவிர இரண்டு கற்களுக்கு நடுவில் ஒருபோதும் இறக்கவில்லை. அப்படியும் பின்சக்கரம் ஒன்று பஞ்சரானது. ஜாக்கியின் அடியில் வைக்கத் தட்டையான பலகை ஒன்றை வண்டியிலேயே வைத்திருந்தார். இருபது நிமிடத்தில் ஸ்டெப்னியை மாட்டிவிட்டார். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் குலுக்கல் குறையுமே என்று கேட்டேன். கல்லில் குறைத்தால் டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிடும், மணலில்தான் குறைக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். வண்டியில் இரண்டு ஸ்டெப்னி இருந்தன. ஒன்று மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்தோடு இந்தப் பாதையில் போகாதீர்கள்.

அந்தக் கருங்கல் மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. கீழே ஏரி தெரிந்தது. சுற்றிலும் ஒரு புல்கூட இல்லாத கரிய நிலம்; நடுவே பச்சையும் நீலமும் கலந்த நீர்; அதில் தெற்குத் தீவு. 1888-இல் ஐரோப்பியப் பயணிகளான டெலெகியும் ஹோனலும் மாதக்கணக்கில் நடந்து வந்து இந்தத் தென்கரையை அடைந்தபோது ஆஸ்திரிய இளவரசர் ருடால்ஃபின் பெயரைச் சூட்டினார்கள். 1975-இல்தான் துர்கானா என்ற பெயர் வந்தது. நீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பல்ல, சமையல் சோடாவைக் கரைத்தது போன்ற வழவழப்பு. இந்த ஏரியிலிருந்து ஆறு எதுவும் வெளியேறுவதில்லை. வரும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஓமோவிலிருந்து வருகிறது. வெயிலில் ஆவியாவதைத் தவிர அதற்குப் போக்கிடம் இல்லை.

ஏரிக்கரை ஊரான லொயங்கலானியில் இரண்டு இரவுகள். ஊற்று நீரால் வளர்ந்த பனைகளுக்கு நடுவே முகாம். அவை நம் பனைக்கு நெருங்கிய உறவான, கிளைவிடும் டூம் பனைகள். இரவெல்லாம் அவற்றின் ஓலைகள் காற்றில் அடித்துக்கொண்ட ஓசை ஊர் நினைவைக் கிளறிவிட்டது. கூடாரம் அந்தக் காற்றைத் தாங்கவில்லை. நள்ளிரவில் ஓட்டுநரே வந்து எங்களை ஓலை வேய்ந்த குடிலுக்கு மாற்றினார். குடிலுக்கான கூடுதல் கட்டணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது மறுநாள்தான். ஏரியில் மீன்பிடித்து வாழும் எல் மோலோ மக்களின் கோமோடே கிராமத்துக்குப் படகில் போவதைக் காலை எட்டு மணிக்கென்று அட்டவணையில் போட்டிருந்தார்கள். ஓமோவின் குறுக்கே கட்டிய கிபே-3 அணையால் ஏரி வற்றிவிடும் என்ற கவலையில் யுனெஸ்கோ 2018-இல் துர்கானா ஏரித் தேசியப் பூங்காக்களை ஆபத்திலுள்ள உலக மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு பெய்த பெருமழைகளால் நீர்மட்டம் எதிர்பாராமல் உயர்ந்து, கரையோடு ஒட்டியிருந்த கோமோடே தீவாகிவிட்டது. குடிநீர்க் குழாயும் ஏரிக்குள் போய்விட்டது. காலை எட்டு மணிக்கு ஏரியில் அலை ஆளுயரம் எழுந்தது. படகோட்டி மறுத்துவிட்டார், அவர் மறுத்ததே சரி. பிற்பகலில் போகலாமா என்று ஓட்டுநர் நைரோபி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். பிற்பகலில் வடக்கே கிளம்பி வழியில் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பதால், படகைக் கைவிட்டுவிட்டுப் புறப்படச் சொன்னார்கள். நிலப்படத்தைப் பார்த்து அட்டவணை போட்டவர்களுக்குக் காற்று வீசும் நேரம் தெரிந்திருக்கவில்லை.

ஓட்டுநர் எங்களிடம் மறைக்கவில்லை. "மூன்று மணிக்குத் தண்ணீர் அடங்கிவிடும். நீங்கள் எல்லோரும் சம்மதித்தால் இங்கேயே தங்குவோம், நாளை விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும், அய்யா" என்றார். சம்மதித்தோம். மூன்று மணிக்கு ஏரி குளம் போல் அடங்கிக் கிடந்தது.

கோமோடேயில் ஒரு மணி நேரம் இருந்தோம். ஊர்ப் பெரியவரிடம் கட்டணத்தை எங்கள் கண்முன்னே எண்ணிக் கொடுத்து, யாரைப் படம் எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்று முதலில் கேட்டுச் சொன்ன பிறகே ஓட்டுநர் எங்களைக் கரையேற விட்டார். குடிசை வாசலில் ஒரு மூதாட்டி டூம் பனை ஓலையைப் பல்லால் கிழித்துப் பாய் பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில், கரையிலிருந்து படகில் வந்த மஞ்சள் நிறத் தண்ணீர்க் கேன்கள். அவர் பேசியது சம்புரு மொழி. எல் மோலோ மக்களின் சொந்த மொழியைச் சரளமாகப் பேசியவர்கள் சென்ற நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டார்கள் என்றும், சில சொற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன என்றும் ஓட்டுநர் சொன்னார். மீனுக்கும் தண்ணீருக்கும் அந்த மொழியில் என்ன சொல் என்று என் மனைவி கேட்டாள். மூதாட்டி இரண்டு சொற்களைச் சொன்னார். இருவரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். இந்த ஒரு மணி நேரத்தைத்தான் அலுவலகம் கைவிடச் சொன்னது.

பாக்கி நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சல்பி பாலைவனத்தில் உப்புப் படிந்த நிலத்தில் இறங்குவதற்கு முன் ஓட்டுநர் கீழே இறங்கிக் குதிகாலால் மிதித்து மேலோட்டின் உறுதியைப் பார்த்தார். அங்கே டயரின் காற்றைக் குறைத்தார். கலாச்சாவில் ஒட்டகங்கள் நீர் குடிப்பதை அவசரமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். மார்சபிட் காட்டுக்கு அரை நாள்கூட மிஞ்சவில்லை. இறுதி நாளில் அங்கிருந்து நைரோபிக்கு 500 கி.மீ.க்கும் மேல் ஒரே மூச்சில் வந்தது முதியவர்களுக்கு ஏற்றதல்ல.

சைவர்கள் உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கென்யாவில் ன்டெங்கு என்று சொல்லும் பச்சைப்பயறுக் குழம்பும் சப்பாத்தியும் சுகுமா கீரையும் மூன்று நாளைக்கு ஒருமுறையாவது கிடைத்தன. சோளமும் பீன்ஸும் சேர்ந்த கிதேரி தினமும் இருந்தது. சமையற்காரருக்கு என் மனைவி கொடுத்த மிளகாய்ப் பொடி ஐந்தாம் நாளே தீர்ந்துவிட்டது.

முன்பதிவு செய்பவர்கள் ஏழு நாளை ஒன்பதாக்கித் தரும்படி கேளுங்கள். கூடும் இரண்டு நாளில் ஒன்றை லொயங்கலானிக்கும் மற்றொன்றை மார்சபிட்டுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். வடக்கில் பாதுகாப்பு நிலை அவ்வப்போது மாறுவதால், புறப்படும் வாரத்தில் பாதை நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள்தாம் வைத்தேன். கோமோடே படகைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றுங்கள். அட்டவணையை அச்சிடுவதற்கு முன் உங்கள் ஓட்டுநரிடம் ஒருமுறை காட்டுங்கள்.