நான்கரை மாதத்தில் நின்றுபோன கிரைண்டரும், பணம் திரும்பி வந்த வழியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் வாரம் இருமுறை மாவு அரைபடும். மிக்சியில் அரைத்த மாவில் இட்லி கல்லாகிவிடுகிறது என்று அத்தை ஓயாமல் குறைபட்டுக்கொண்டதால், சென்ற மார்ச் மாதம் ஓர் இணையச் சந்தையில் இரண்டு லிட்டர் மேசை கிரைண்டர் ஒன்றை 3,899 ரேண்ட் கொடுத்து வாங்கினேன். கிரைண்டர் கோயம்புத்தூரில் செய்யப்பட்டது. விற்றவர் அந்தச் சந்தையில் கடை விரித்திருக்கும் ஒரு தனி வணிகர். விற்பனைப் பக்கத்தில் ‘ஒரு வருட வாரண்டி’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். மார்ச் 11ஆம் தேதி பொருள் வீட்டுக்கு வந்தது. இந்தியாவின் சிறிய மூன்று முனைப் பிளக் இங்குள்ள பெரிய துளைகளுக்குப் பொருந்தாது என்பதால், பெட்டிக்குள் ஓர் அடாப்டரையும் வைத்திருந்தார்கள்.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடிய வரையில் நன்றாகவே ஓடியது. உளுந்து பந்துபோல் பொங்கி வந்தது, கல் சூடேறவில்லை, கழுவுவதும் எளிது. ஜூலை 24ஆம் தேதி, ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கு முந்தைய வாரம், அரிசி பாதி அரைபட்டுக்கொண்டிருந்தபோது மோட்டாரிலிருந்து கருகிய வாடை வந்தது, அத்துடன் நின்றுவிட்டது. பக்கத்துத் தெருவில் மின்சாதனங்கள் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “சுருள் எரிந்திருக்கிறது. ஆனால் நான் திறக்க மாட்டேன், திறந்தால் பழி என்மேல் விழும்” என்றார். அவர் அன்று திருகாணியைத் தொடாமல் போனதன் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது. விற்றவரின் கையைவிட்டுப் போன பிறகு மாற்றம் செய்யப்பட்ட பொருளுக்கு, அந்த மாற்றத்தின் அளவுக்குச் சட்டத்தின் உத்தரவாதம் செல்லாது.

மறுநாளே விற்பனையாளருக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்து வந்த பதிலில், வாரண்டி தயாரிப்பாளருடையது என்றும், அதை இந்தியாவில் உள்ள சேவை மையங்களில் மட்டுமே பயன்படுத்த முடியும் என்றும் இருந்தது. விற்பனைப் பக்கத்தில் அப்படி ஒரு வரியும் இல்லையே என்று கேட்டதற்கு, மின்னழுத்த வேறுபாட்டால் மோட்டார் எரிந்திருக்கும் என்றார்கள். இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தென்னாப்பிரிக்காவிலும் அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இதை எழுதியதும் குற்றம் அடாப்டர்மேல் போயிற்று. அடாப்டர் அவர்களே பெட்டிக்குள் வைத்தனுப்பியது என்று படத்துடன் காட்டியபோது, மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது ஏற்படும் திடீர் எழுச்சிதான் காரணம், அது வாரண்டியில் சேராது என்று முடித்துவிட்டார்கள். இந்த நாட்டில் மின்வெட்டு எவருக்கும் புதிதல்ல. ஆகவே எது எரிந்தாலும் அதைச் சொல்லித் தப்புவது எளிது. ஆனால் அன்று எங்கள் தெருவில் மின்சாரம் போகவே இல்லை. அதே சுவரில், அடுத்த இணைப்பில் ஓடிய குளிர்சாதனப் பெட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிரைண்டரைக் கண்ணால் பாராமலே காரணம் சொல்கிறீர்களே, உங்கள் தொழில்நுட்பரின் அறிக்கையை அனுப்புங்கள் என்றேன். அறிக்கை கடைசிவரை வரவில்லை.

சந்தையின் வாடிக்கையாளர் பிரிவு மரியாதையாகப் பேசியது. அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. தங்களின் 30 நாள் திருப்பியளிப்புக் காலம் கடந்துவிட்டது என்றும், இனி விற்பனையாளரிடமே பேச வேண்டும் என்றும் மூன்று வெவ்வேறு பெயர்களில் ஒரே பதில் வந்தது. பணத்தை வாங்கும்போது சந்தையாக இருந்தவர்கள், பழுது என்றதும் வெறும் அறிவிப்புப் பலகையாகிவிட்டார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். ஜூலையிலேயே படித்திருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவில், விற்பனையாளர் தரும் வாரண்டி அட்டைக்கு அப்பாற்பட்ட ஓர் உத்தரவாதத்தைத் தானே வைத்திருக்கிறது. பொருள் தரக்குறைவாக இருந்தால், அது கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் விற்பனையாளரின் பொறுப்பிலும் செலவிலும் அதைத் திருப்பி அனுப்பலாம்; பழுதுநீக்கமா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுப்பவர் வாங்கியவர். இந்த உத்தரவாதத்தைத் தருபவர் தயாரிப்பாளர் மட்டுமல்லர். இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், சில்லறையில் விற்றவர் என ஒவ்வொருவரும் தருகிறார்கள். ஆகவே “கோயம்புத்தூரைக் கேளுங்கள்” என்ற பதிலுக்கு இங்கே இடமில்லை. இந்த உரிமையை வாங்கியவரே விட்டுக்கொடுத்துவிட்டதாக விதிமுறைகளில் எழுதிக்கொண்டாலும், 51ஆம் பிரிவின்படி அது செல்லாது. அசல் அட்டைப்பெட்டி இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றும் நடுவில் ஒரு முறை எழுதியிருந்தார்கள். 56ஆம் பிரிவில் பெட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெட்டிக்குள் வெங்காயம் இருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் யாருக்கு எழுதுவது என்பது சிக்கலாகவே இருந்தது. மின்வணிகத்தில் விற்பவர் தம் முழுப்பெயர், இருப்பிட முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை வாங்குபவருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம் சொல்கிறது. விற்பனைப் பக்கத்திலோ ஒரு கடைப்பெயர் மட்டுமே இருந்தது. மதிப்புக்கூட்டு வரி ரசீதை இறக்கிப் பார்த்தபோதுதான் ஜோகன்னஸ்பர்க் முகவரியும் நிறுவனத்தின் உண்மைப் பெயரும் கிடைத்தன. ஆகஸ்ட் 8ஆம் தேதி அந்த முகவரிக்கு, சந்தைக்கும் நகல் இட்டு, ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். பொருள் வந்த தேதி, பழுதான தேதி, அடாப்டரின் படம், 56ஆம் பிரிவு, பிறகு ‘நான் முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவதைத் தேர்ந்தெடுக்கிறேன்’ என்ற ஒற்றை வாக்கியம். கோபமாக எழுதியிருந்த இரண்டு பத்திகளை அனுப்பும் முன் கணவர் நீக்கச் சொன்னார், நீக்கியது நல்லதாயிற்று.

பத்து வேலை நாள் காத்திருந்தும் பதில் இல்லாததால், நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரின் இணையதளத்தில் புகாரைப் பதிந்தேன். இச்சேவைக்கு வாங்கியவரிடம் கட்டணம் இல்லை; ஆனால் முதலில் விற்பனையாளரிடமே முறையிட்டிருக்க வேண்டும், அதற்கான எழுத்துச் சான்றும் வேண்டும். தொலைபேசியில் மட்டும் சண்டை போட்டிருந்தால் என் கையில் ஒன்றும் இருந்திருக்காது. குறைதீர்ப்பாளரின் பரிந்துரை நீதிமன்றத் தீர்ப்பைப்போலக் கட்டுப்படுத்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கும் தீராவிட்டால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் இருக்கிறது. 20,000 ரேண்ட் வரையிலான வழக்குகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நாமே நடத்த வேண்டும். எனக்கு அதுவரை போக நேரவில்லை.

புகார் விற்பனையாளரின் கைக்குப் போனதும் அவர்களின் குரல் மாறியது. செப்டம்பர் 3ஆம் தேதி, நல்லெண்ணத்தின் பேரில் மோட்டாரைப் பழுதுபார்த்துத் தருகிறோம், கூரியர் செலவு 380 ரேண்டை மட்டும் நான் ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆறு மாதம் முடிய எட்டு நாளே இருந்தது. பழுதுபார்த்துத் தந்த பொருள் மூன்று மாதத்துக்குள் மறுபடி கெட்டால் மாற்றுப் பொருளோ பணமோ தந்தாக வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதால், ஒப்புக்கொண்டாலும் பெரிய கேடில்லை. இருந்தாலும் எரிந்த மோட்டாரின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. என் தேர்வு ஆகஸ்ட் 8ஆம் தேதியே எழுத்தில் இருக்கிறது, கூரியர் செலவும் உங்களுடையது என்று இரண்டு வரியில் பதில் அனுப்பினேன்.

செப்டம்பர் 9ஆம் தேதி ஒப்புக்கொண்டார்கள். 12ஆம் தேதி அவர்களின் கூரியர் வந்து, கல்லையும் டிரம்மையும் நான் பழைய துணியில் சுற்றிக் கொடுத்ததை எடுத்துச் சென்றது. 19ஆம் தேதி வங்கியில் 3,779 ரேண்ட் விழுந்தது. முதல் அனுப்புகைக் கட்டணம் என்று 120 ரேண்டைப் பிடித்திருந்தார்கள். எந்தத் தண்டமும் இல்லாமல் திருப்பலாம் என்பதுதான் சட்டத்தின் சொல். அதைச் சுட்டி, குறைதீர்ப்பாளருக்கும் நகல் அனுப்பினேன். மீதியும் இரண்டு நாளில் வந்தது.

கிரைண்டருக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம் தருகிறேன். ஒரு மோட்டாரை வைத்து அந்தத் தயாரிப்பையே பழிக்க எனக்கு மனமில்லை. விற்பனையாளருக்கு ஒன்று, அதுவும் கடைசி 120 ரேண்டுக்காக. சந்தைக்கு இரண்டு, ரசீதை இறக்கிக்கொள்ளும் வசதி அங்கே இல்லாதிருந்தால் ஒன்றுதான். குறைதீர்ப்பாளரின் சேவைக்கு நான்கரை. புதிய கிரைண்டரை ஊரிலேயே ஒரு கடையில், ஓட்டிப் பார்த்து வாங்கினோம். 400 ரேண்ட் கூடுதல். அத்தைக்கு இதன் ஒலி பிடிக்கவில்லை, மாவு பிடித்திருக்கிறது.

நேற்று அந்த விற்பனைப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். ‘ஒரு வருட வாரண்டி’ என்ற வரி அதே தடித்த எழுத்தில் இருக்கிறது. ‘இந்தியாவில் மட்டும்’ என்று இன்னும் எங்கும் எழுதவில்லை.