மாசமா இருக்கறப்ப பிபி: வீட்டு மெஷினா, கிளினிக்கா?

பெங்களூரு அல்சூர்ல எங்க தெருவுல ரெண்டு பொண்ணுங்களுக்கு இப்ப இதே கொழப்பம், மெஷின் வாங்கிடலாமா இல்ல ஒவ்வொரு தடவையும் கிளினிக்குக்கே ஓடணுமான்னு.

செலவு: மெஷின் 2000 ரூபா சுமாருக்கு ஒரே செலவு. கிளினிக்னா ஃபீஸ், ஆட்டோ, அரை நாள் லீவு.

ரீடிங்: மணிக்கட்டுல கட்டறது வேணாம், மேல் கையில சுத்தறது தான், கஃப் (கையில சுத்தற பட்டை) சைஸும் சரியா இருக்கணும், கர்ப்பிணிகளுக்குன்னு சோதிச்ச மாடலான்னு டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க. 5 நிமிஷம் சாஞ்சு உக்காந்து, கால் மேல கால் போடாம, பேசாம பாக்கணும், மாமியார் ஃபோன அப்புறம் எடுத்துக்கலாம். கிளினிக்ல சில பேருக்கு டாக்டரப் பாத்தாலே ஏறிடும், சில்க் போர்டு டிராஃபிக் தாண்டி வந்தா கேக்கவே வேணாம்.

ஆனா மெஷின் நம்பர் மட்டும் தான் சொல்லும். 20 வாரத்துக்கு மேல 140/90 வந்தா ப்ரீஎக்ளாம்ப்சியாவான்னு (மாசமா இருக்கறப்ப பிபி ஏறி கிட்னி, லிவரெல்லாம் பாதிக்கற நோய்) பாக்க யூரின்ல புரோட்டீன், பிளேட்லெட், லிவர் டெஸ்ட்லாம் கிளினிக்ல தான்.

ஏற்கனவே பிபி மாத்திரை சாப்பிடறவங்க மெஷின் வாங்கிடுங்க, செக்கப்ப மட்டும் விடாதீங்க. மத்தவங்களுக்கு செக்கப்பே போதும்னு தான் தோணுது. 160/110 வந்தாலோ, நம்பர் நல்லா இருந்தும் விடாத தலைவலி, கண்ணு மங்கறது, வலது விலாவுக்குக் கீழ வலின்னாலோ மறுபடி மறுபடி பட்டன அமுக்கிட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரி, நடுராத்திரின்னாலும்.