சைலன்சரில் கரி: காற்றில் குறையா, இன்ஜெக்டரில் கோளாறா?

எஞ்சின் ஆறிய பிறகு சைலன்சர் முனையை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல் பக்கம் போக வேண்டும். காய்ந்த கரிப்பொடியாக வந்தால், டீசலுக்கு ஈடான காற்று உள்ளே சேரவில்லை. காற்று குறைந்ததா, டீசல் கூடியதா?

பழைய டீசல் கார் என்றால், டெல்டாவில் என் முதல் சந்தேகம் ஏர் பில்டர் மேல்தான். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் ரோட்டிலேயே நெல் காயும். அறுவடை மெஷின் கிளப்பும் தூசியும் நெல் சுணையும் பில்டர் மடிப்புகளில் அடைத்துக்கொள்ளும். கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை இங்கே காத்திருக்கக் கூடாது. கழற்றி வெயிலுக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் உள்பக்கத்திலிருந்து வெளியே, மெதுவாக. காகிதம் கிழிந்தால் தூசி நேரே சிலிண்டருக்குள் போய்த் தேய்க்கும்.

பில்டர் சுத்தம், ஆனாலும் பாலம் ஏறும்போது கரும்புகை, பிக்கப் இல்லை, ‘உஸ்’ என்ற சத்தம் வேறு என்றால், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் ஹோஸைத் தடவிப் பாருங்கள். வெடிப்போ தளர்ந்த கிளாம்போ இருக்கும். புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினாலும் புகை வரும்; அதில் வண்டி குறைந்த வேகத்திலேயே மந்தமாக இருக்கும்.

டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டரை நான் கடைசியில்தான் சந்தேகிப்பேன். ஐடிலில் ஆட்டம், ‘டக் டக்’ சத்தம், புகையில் டீசல் வாடை என்று அதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. அப்போதும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஸ்ப்ரேயும், திரும்பி வரும் டீசலின் (ரிட்டர்ன்) அளவும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கையும் மாற்றணும் என்று மெக்கானிக் சொன்னால் அந்த ரிசல்ட்டைக் கையில் வாங்காமல் சம்மதிக்காதீர்கள். அது பெரிய செலவு.

பெட்ரோல் காரில் கணக்கு மாறும். காற்று குறைந்தால் கம்ப்யூட்டரே பெட்ரோலையும் குறைத்துவிடும், அதனால் பில்டர் மேல் அவ்வளவாகப் பழி வராது. ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) நன்றாக மைனஸில் இருந்தால் ஒழுகும் இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார் இரண்டையும் பாருங்கள். கூலன்ட் சென்சார் ‘எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது’ என்று தப்பாகச் சொன்னாலும் பெட்ரோல் கூடுதலாக இறங்கும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் காரில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அதன் சைலன்சரைத் துடைத்த வெள்ளைத் துணி கறுத்தால், டிபிஎஃப் உடைந்திருக்கிறதா, யாராவது கழற்றிவிட்டார்களா என்பதிலிருந்து தொடங்குங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் அந்தத் துணியைக் கையோடு கொண்டுபோகலாம்.