ஜஸ்டிஃபையின் வழியா, ஃபிராங்கெலின் வழியா?

தோற்காத ஆண் பந்தயக் குதிரையை மூன்று வயதிலேயே நிறுத்தி இனப்பெருக்கப் பண்ணைக்கு அனுப்புவதா, இன்னொரு வருடம் ஓட விடுவதா? முதலில் அமெரிக்கக் குதிரை ஜஸ்டிஃபை. 2018 பிப்ரவரி 18 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா அனிடா மைதானத்தில் முதல் ஓட்டம். ஜூன் 9 அன்று பெல்மான்ட் பந்தயத்தில் வெற்றி, அதோடு மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே வருடத்தில் வெல்பவருக்கான அமெரிக்க ட்ரிபிள் கிரவுன். ஜஸ்டிஃபையின் பந்தய வாழ்க்கை அவ்வளவுதான். ஆறு ஓட்டம், ஆறிலும் வெற்றி. முன்னங்கால் கணுக்காலில் வீக்கம் என்று சொல்லி, ஜூலையில் மூன்று வயதிலேயே ஓய்வு அறிவித்தார்கள்.

பிரிட்டனில் ஓடிய ஃபிராங்கெலும் மூன்று வயது முடிந்தபோது தோற்றதே இல்லை, ஒன்பதுக்கு ஒன்பது. அப்போதே பண்ணைக்கு அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உரிமையாளர் இளவரசர் காலித் அப்துல்லா இன்னொரு வருடம் ஓட விட்டார்.

பணத்தை மட்டும் பார்த்தால் ஜஸ்டிஃபையின் வழிதான் சரி. ஓடிச் சம்பாதித்தது சுமார் 38 லட்சம் டாலர். கென்டக்கியின் ஆஷ்ஃபோர்டு பண்ணையில் ஒரு பெண் குதிரையோடு சேர்க்க ஆரம்பக் கட்டணம் 1,50,000 டாலர். இவை சேர்ந்த தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி கிடையாது, ஒவ்வொரு முறையும் நேரடியாகத்தான் சேர்க்க வேண்டும். இருந்தும் முன்னணிப் பொலிகுதிரைகள் (இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரைகள்) ஒரே பருவத்தில் நூறு பெண் குதிரைகளுக்கு மேல் சேருவது சகஜம். நூறு என்றே வைத்துக்கொண்டாலும் ஒன்றரைக் கோடி டாலர் வருகிறது. எந்தப் பந்தயப் பரிசாலும் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. 1973லேயே, அந்த வருடம் ட்ரிபிள் கிரவுன் வென்ற செக்ரட்டேரியட் குதிரையை 60.8 லட்சம் டாலருக்குப் பங்கு பிரித்து விற்றபோது, அந்த வருடத்தோடு ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதும் நிபந்தனையாக இருந்தது.

சரி, ஃபிராங்கெலுக்குக் கூடுதலாக என்ன கிடைத்தது? ஐந்து வெற்றிகள். 2012 ஜூனில் இங்கிலாந்தின் அஸ்காட் மைதானத்தில் குயின் ஆன் பந்தயத்தில் 11 குதிரை நீள வித்தியாசம். அதைவிட முக்கியமானது ஆகஸ்டில் யார்க் மைதானத்தில் ஓடிய பந்தயம். அதுவரை அதிகபட்சம் ஒரு மைல் ஓடிய குதிரை, முதல்முறையாகப் பத்து ஃபர்லாங்குக்கு (ஒன்றேகால் மைல்) மேல் ஓடி ஏழு நீளத்தில் ஜெயித்தது. மூன்று வயதில் நிறுத்தியிருந்தால் அற்புதமான மைல் குதிரை என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். பண்ணை வாழ்க்கையும் இதனால் கெடவில்லை. தொடக்கக் கட்டணம் 1,25,000 பவுண்ட், பிறகு 2021லும் 2023லும் பிரிட்டன், அயர்லாந்தின் முதன்மைப் பொலிகுதிரை.

ஜஸ்டிஃபையும் சோடை போகவில்லை. மகன் சிட்டி ஆஃப் ட்ராய் 2024ல் எப்சம் டெர்பியை வென்றான். அப்புறம் அவனையும் மூன்று வயதிலேயே பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஓட விடுவதன் ஆபத்தைச் சின்னதாக்க நான் விரும்பவில்லை. யார்க்கில் ஃபிராங்கெலுக்கு மூன்றாவதாக வந்த செயின்ட் நிக்கோலஸ் அபே ஆறு வயதிலும் ஓடியது. 2013ல் கோரனேஷன் கோப்பையை மூன்றாம் முறையாக வென்று, அடுத்த மாதமே பயிற்சியில் கால் முறிந்தது. எவ்வளவோ சிகிச்சை செய்தும் 2014 ஜனவரியில் வயிற்றுவலி நோயால் இறந்தது. அதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

ஆனால் கால் முறிந்துவிடுமோ என்ற பயம் மட்டுமே காரணம் என்றால், அது ஏன் ஆண் குதிரைகளுக்கு மட்டும் இவ்வளவு சீக்கிரம் வருகிறது? ஆஸ்திரேலியாவின் பெண் குதிரை வின்க்ஸ் ஏழு வயது வரை ஓடி, தொடர்ந்து 33 பந்தயங்களை வென்றது. பெண் குதிரைக்கு வருடத்துக்கு ஒரு குட்டிதான், அதனால் அவசரம் இல்லை. முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சந்தைதான்.

என் ஓட்டு ஃபிராங்கெலின் வழிக்கே. காயம் உண்மையாக இருந்தால் நிறுத்தட்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆரோக்கியமான குதிரை என்றால் நான்கு வயதில் ஒரு முழுப் பருவம் ஓட வேண்டும். ட்ரிபிள் கிரவுன் மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமானது. அங்கே ஜெயித்ததை வைத்து, வயதில் மூத்த சாம்பியன்களோடு மோதினால் என்ன ஆகும், கால்கள் எத்தனை பருவம் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பெண் குதிரையைக் கொண்டுவந்து அவ்வளவு கட்டணம் கட்டுபவருக்கு முதலில் தெரிய வேண்டியது இவைதான்.