வேக்கம் கிளாம்ப் செட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள், என் 23,500 ரூபாய் போய்விட்டது

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேக்கம் கிளாம்ப் என்றால் பம்பால் காற்றை உறிஞ்சி மரத்தைப் பிடித்துக்கொள்ளும் சாதனம். போன வியாழக்கிழமை, மரத்தைச் செதுக்கி வடிவம் கொடுக்கும் ரவுட்டர் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது தேக்குப் பட்டை ஒன்று டெம்ப்ளேட்டிலிருந்து (வளைவுக்கு அச்சாக வைக்கும் பலகை) பிய்த்துக்கொண்டு பறந்து பட்டறைச் சுவரில் அடித்தது. என் தம்பி ஒரு முழம் தள்ளி நின்றதால் தப்பித்தான்.

கையில் இருப்பது நாற்காலி ஆர்டர். முதுகுப் பட்டை மட்டும் 48, எல்லாம் ஒரே வளைவு. சி-கிளாம்ப் போட்டால் பாதியில் நிறுத்திக் கழற்றி மாற்ற வேண்டும், ஸ்க்ரூ போட்டால் ஓட்டை தெரியும். வேக்கத்தில் பிடித்தால், டெம்ப்ளேட் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் ரவுட்டர் கத்தியான பேரிங் பிட்டை ஒரே ஓட்டமாகச் சுற்றிக் கொண்டுவரலாம். அதற்காகத்தான் மெஷின் டூல்ஸ் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். பம்ப், கேஜ், குழாய், ஃபோம் டேப் எல்லாம் சேர்த்து 23,500 ரூபாய் என்றார்.

கடைக்காரர் ஒரு பலகையைப் பிடிக்க வைத்து, "இழுத்துப் பாருங்கண்ணே" என்றார். மேசைக் காலில் பாதத்தை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. வேக்கம் எவ்வளவு என்று காட்டும் கேஜின் முள் 25 இன்ச்சில் (பாதரச அளவு) நின்றது. "ஏதாவதுன்னா நான் இருக்கேன்" என்று டீ சொன்னார். டீ வருவதற்குள் பணத்தை அனுப்பிவிட்டேன். அவர் காட்டியது மைக்கா ஒட்டிய பலகை என்பது அப்போது உறைக்கவே இல்லை. மைக்காவில் காற்று புகாது. நாம் டெம்ப்ளேட் வெட்டும் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பார்க்கத்தான் கெட்டி, காற்றைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும்.

பட்டறையில் மாட்டினால் முள் 8-ஐத் தாண்டவில்லை. போன் போட்டேன். "சீலர் அடிங்கண்ணே" என்றார். கசிவை அடைக்கும் அந்தப் பூச்சை டெம்ப்ளேட்டில் இரண்டு கோட் அடித்ததும் 11 வந்தது. "11 போதும், தைரியமா ஓட்டுங்க" என்றார். நம்பி ஓட்டியதில்தான் பட்டை பறந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பம்பை நிறுத்திக் குழாயைக் கழற்றினால், கேஜ் முள் 5-இல் நிற்கிறது. பூஜ்யத்துக்கு வரவே இல்லை. அப்படியென்றால் 11 என்று காட்டியது உண்மையில் 6. என் பட்டையில், சுற்றி ஒட்டிய ஃபோம் டேப்புக்கு உள்ளே வேக்கம் பிடிக்கக் கிடைக்கும் இடம் 4-க்கு 38 சென்டிமீட்டர். 25 இன்ச் இருந்தால் 130 கிலோ அளவுக்கு அமுக்கும். 6-இல் வருவது 30 கிலோ சொச்சம். அதை நம்பி தேக்கில் பிட்டை விட்டிருக்கிறேன், நினைத்தால் வயிறு கலங்குகிறது. அப்புறம் ஃபோம் டேப். ஒரு துண்டு வெட்டி உதட்டில் வைத்து ஊதினேன், மறுபக்கம் விரலில் காற்று பட்டது. தண்ணீரில் போட்டால் பஞ்சு மாதிரி குடிக்கிறது. காற்றை அடைக்க வேண்டிய டேப் இது! கரன்ட் போனால் பிடி விடாமல் இருக்க வேண்டிய நான்-ரிட்டர்ன் வால்வும் செட்டில் இல்லை.

திரும்பப் பேசினால், "உங்க மரத்துல ஈரம் இருக்கும்". அடுத்த நாள், "கம்பெனி ஆள் வெளியூர் போயிருக்கார்". அதற்கடுத்த நாள் கேஜ் வீடியோவை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று நேரில் போனால், "டெமோ பார்த்துட்டுதானே வாங்குனீங்க, பில்லு இருக்கா?" என்கிறார். டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர். அவர் கொடுத்தது எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச்சீட்டு. 23,500 ரூபாய்க்குத் துண்டுச்சீட்டு! நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. உங்கள் டெம்ப்ளேட்டையும் உங்கள் மரத்தையும் கடைக்கே எடுத்துக்கொண்டு போய் மாட்டச் சொல்லுங்கள். குழாயைக் கழற்றிவிட்டு முள் பூஜ்யத்துக்கு வருகிறதா பாருங்கள். டேப்பை ஊதிப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் கையில் வராமல் பணம் அனுப்பாதீர்கள். மீதி 41 பட்டைக்கு சி-கிளாம்ப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.