விசைப்படகின் காம்பஸைச் சரிசெய்து தந்த சேவை: தூத்துக்குடி அனுபவம்

எங்கள் விசைப்படகில் எஞ்சினை மாற்றி, வீல்ஹவுசுக்கு (சுக்கான் அறைக்கு) முன்னால் இரும்பு வின்ச் (கயிறு இழுக்கும் இயந்திரம்) ஒன்றையும் பொருத்திய பிறகு, காம்பஸ் காட்டிய திசையும் ஜிபிஎஸ் காட்டிய தடமும் ஒத்துப்போகவில்லை. நீரோட்டம் தள்ளுகிறது என்றே முதலில் நினைத்தோம். ஆனால் காற்றும் நீரோட்டமும் ஓய்ந்திருந்த காலையிலும் கிழக்கு நோக்கிய ஓட்டத்தில் 9 பாகை பிழை இருந்தது. அப்படியே 20 கடல் மைல் ஓடினால் 3 மைல் தள்ளிப் போய்ச் சேர வேண்டியதுதான்.

ஆகவே காம்பஸ் சரிசெய்பவர் ஒருவரை வரவழைத்தோம். வந்தவர் முதலில் சுக்கான் அருகே மாட்டியிருந்த ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்னார். அதை அரை அடி நகர்த்தியதுமே காம்பஸின் திசைத்தட்டு 4 பாகை அசைந்ததைப் பார்த்து எங்கள் டிரைவர் வாயடைத்துப்போனார். பிறகு படகைக் கரையிலிருந்து நன்றாக விலக்கி, முயல் தீவுக் கலங்கரை விளக்கத்தைக் குறியாக வைத்து, ஒவ்வொரு திசையிலும் நிதானமாக நிறுத்தினார். இரும்புத் திருப்புளி காம்பஸையே இழுத்துவிடும் என்பதால் பித்தளைத் திருப்புளியால்தான் காம்பஸின் பிழையை ஈடுசெய்யும் திருத்துக் காந்தங்களைத் திருப்பினார். கிழக்கிலும் வடக்கிலும் பிழை முழுவதையும் நீக்கியவர், மேற்கிலும் தெற்கிலும் எஞ்சியதில் பாதியை மட்டுமே குறைத்தார். முழுவதையும் நீக்கினால் எதிர்த்திசையில் அது மறுபடி தலைகாட்டும் என்று விளக்கினார். இறுதியில் எந்தத் திசையிலும் பிழை 3 பாகையைத் தாண்டவில்லை.

மிஞ்சிய பிழையைத் திசைவாரியாக ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். இந்தப் பிழைக்கு விலகல் என்று பெயர். கிழக்கு விலகலைக் கூட்ட வேண்டும், மேற்கு விலகலைக் கழிக்க வேண்டும். காம்பஸ் 090 காட்டும்போது அட்டையில் 3 கிழக்கு என்றிருந்தால் காந்தத் திசை 093. தூத்துக்குடிப் பக்கம் பூமியின் காந்த விலக்கம் (உண்மை வடக்கிலிருந்து காந்த வடக்கு விலகியிருக்கும் அளவு) ஏறத்தாழ 2 பாகை மேற்கு என்பதால் உண்மைத் திசை 091. இந்தக் கணக்கை டிரைவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததற்கே தனியாகப் பாராட்ட வேண்டும்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்கு மூன்று நாள் கழித்தே வந்தார். அட்டையைப் பேனாவால் எழுதி, தேதிகூடப் போடாமல் கொடுத்தார். முதல் ஓட்டத்திலேயே உப்புத் தண்ணீர் பட்டு மை கலங்கிவிட்டது. அளவெடுத்தபோது வயர்லெஸ் அணைந்திருந்ததையும் அவர் கவனிக்கவில்லை. அது இயங்கும்போது காம்பஸை அசைக்கக்கூடும், கடலில் நாங்கள் அதை அணைப்பதே இல்லை. அதை இயக்கிவிட்டு இரண்டு திசைகளில் மறுபடி பார்க்கச் சொன்னபோது, கூடுதல் கட்டணம் கேட்காமல் பார்த்துக் கொடுத்தார். அடுத்த முறை எஞ்சினிலோ வின்ச்சிலோ கை வைத்தால் இவரையே அழைப்போம். அட்டையை மட்டும் நாங்களே தட்டச்சு செய்து லேமினேட் செய்துகொள்வோம்.